படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர்

யாழ்ப்பாணத்து மண்டபங்களில் சிலைட் படும் பாடும், அதைச் சரியாகக் கையாளும் வழிகளும்

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் கந்தபுராணம் படிப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றவர் பயன் சொல்வார்: சொல்லைப் பிரிப்பார், பொருளை விரிப்பார், இடையில் ஒரு கிளைக்கதை சொல்வார், எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து நீட்டுவார் அல்லது சுருக்குவார். செய்யுள் கச்சியப்பருடையது, பயன் அன்றைக்கு வந்திருக்கும் சபைக்குரியது. யாழ்ப்பாணத்து வாழ்வு முறையைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தார். அந்தக் கலாசாரம் இந்த இருவரின் குரலில்தான் ஊர் ஊராக நடந்தது.

இப்போது அதே ஊர்களில் ஒரு கருத்தரங்குக்குப் போய்ப் பாருங்கள். திரையில் பதினான்கு வரி. பேச்சாளர் சபைக்கு முதுகைக் காட்டி, "இதில என்ன சொல்லியிருக்கெண்டால்..." என்று தொடங்கி, மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் வாசிக்கிறார். சபை அவரை விட வேகமாக வாசித்து முடித்துவிட்டு வட்ஸ்அப் பார்க்கிறது. செய்யுள் படிக்க ஆள் இருக்கிறது. பயன் சொல்லத்தான் ஆளில்லை.

இதைச் சிறு எரிச்சலாக ஒதுக்கிவிட முடியாது. கம்பஸில் இறுதியாண்டு ஆய்வை முன்வைப்பதும், பிரதேச செயலகத்தில் திட்டத்துக்குப் பணம் கேட்பதும், வைத்தியசாலையில் நோயாளரின் நிலையை விவாதிப்பதும் சிலைட்டில்தான் நடக்கின்றன. யாழ் ஐரி ஹப் 2012இல் தொடங்கிய யாழ் கீக் சலஞ்ச் போட்டியில் குடாநாட்டுப் பிள்ளைகள் தங்கள் தொழில்நுட்ப யோசனையைச் சில நிமிடங்களில் நடுவர்முன் விளங்கவைக்க வேண்டும். நல்ல யோசனை கெட்ட சிலைட்டால் தோற்பதை அப்படியான மேடைகளில் கண்கூடாகப் பார்க்கலாம். எதிர்மாறாகவும் நடக்கும், அது இன்னும் ஆபத்து.

மேடை நமக்குப் புதிதில்லை

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 25. நாவலர் என்ற பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்தில் கிடைத்தது 1849இல்தான். அதற்கு முன் அவர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். மிஷன் போதகர்கள் வாரந்தோறும் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கூட இருந்து பார்த்தவர். கருவியை அவர்களிடம் எடுத்தார், பேசிய பொருள் தம்முடையது. வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. உரைநடையிலும் அவர் அதையே செய்தார்: சந்தியைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, சாதாரண வாசகரின் கண்ணுக்கு வழிவிட்டு எழுதினார். எழுத்துருவும் வரி இடைவெளியும் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

இன்னொரு காலத்தையும் மறக்கக்கூடாது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். போத்தல் விளக்கில் ஏ.எல். சோதனைக்குப் படித்தார்கள். யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் உருவானது அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். வகுப்பறையில் ஆசிரியருக்கு இருந்த கருவிகள் கரும்பலகையும் வெண்கட்டியும். இதயத்தின் நான்கு அறைகளையும் நிறக் கட்டியால் ஒவ்வொன்றாக வரைந்து, குருதி எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறது என்று அம்புக்குறி இட்டுக்கொண்டே போவார். வரைய எடுக்கும் நேரம்தான் மாணவனுக்கு விளங்க எடுக்கும் நேரமும். அந்த வேகக் கட்டுப்பாட்டைச் சிலைட் ஒரே சொடுக்கில் பறித்துவிட்டது. முழுப் படமும் ஒரேயடியாக வந்து விழ, மாணவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

நல்ல சிலைட்டுக்கான முதல் நுட்பம் இதிலிருந்தே வருகிறது. படத்தைத் துண்டு துண்டாக வரவையுங்கள். பவர்பொயின்ரில் அனிமேசன் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். எழுத்துகள் சுழன்று, குதித்து, இதழ் இதழாக உதிர்வதற்காக இல்லை. 'தோன்று' என்ற ஒரே ஒரு அசைவு போதும். மற்றவற்றைத் தொடாமலிருப்பது உத்தமம்.

தாள் செய்ய வந்த கருவி

பவர்பொயின்ரின் பிறப்பைக் கொஞ்சம் அறிந்தால் அதன் குணம் விளங்கும். ரொபேர்ட் கஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனத்துக்காக அதை உருவாக்கினார்கள். 1987 ஏப்ரலில் அப்பிள் மக்கின்ரொஷ் கணினிக்காக வெளிவந்தது. அப்போது அதன் வேலை, மேசைமேல் எறிகருவியில் வைக்கும் ஒளிபுகு தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட உதவுவது. அந்த ஆண்டே மைக்ரோசொப்ற் 14 மில்லியன் டொலருக்கு நிறுவனத்தை வாங்கியது. வியாபாரக் கூட்டத்தில் ஒருவர் நின்று பேச, பின்னால் நாலு குறிப்புத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த பொருள் அது. புள்ளி வைத்த பட்டியலை அது இயல்பாகவே நீட்டுவதற்குக் காரணம் அந்தப் பிறப்பு. புதிய சிலைட் ஒன்றைத் திறந்தவுடன் 'தலைப்பு, கீழே புள்ளிகள்' என்று ஒரு சட்டகம் வந்து நிற்கும். பெரும்பாலானோர் அதை நிரப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். வெற்றுச் சிலைட்டிலிருந்து தொடங்கினாலே பாதி நோய் போய்விடும்.

அந்தச் சட்டகம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 2003ஆம் ஆண்டின் கொலம்பியா விண்ணோடம் சாட்சி. ஜனவரி 16ஆம் திகதி ஏவப்பட்ட சிறிது நேரத்தில் எரிபொருள் தாங்கியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே, அதனால் ஆபத்தா என்று போயிங் பொறியியலாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்குச் சிலைட்டுகளாக அளித்தார்கள். முக்கியமான ஒரு சிலைட்டின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகள் ஆறுதல் தருவது போன்ற தொனியில் இருந்தது. புள்ளிக்குள் புள்ளியாக இறங்கி அடிமட்டத்துக்கு வந்தால்தான் உண்மை தெரியும்: சோதனையில் பயன்படுத்திய துண்டின் கனவளவு 3 கன அங்குலம், மோதியிருக்கக்கூடியது 1920 கன அங்குலம். 640 மடங்கு. அந்தச் சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் தலைப்பாக வந்திருக்க வேண்டிய செய்தி. அது கடைசி வரியில் சிறிய எழுத்தில் கிடந்தது. பெப்ரவரி 1ஆம் திகதி திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். காட்சித் தரவு அறிஞர் எட்வேர்ட் ரஃப்ரி இந்தச் சிலைட்டை வரி வரியாக அலசி எழுதினார். தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாகச் சிலைட்டை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விசாரணைக் குழுவும் கண்டித்தது.

ஏழு உயிர் போனதற்குச் சிலைட் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முடிவை அடியில் புதைக்கும் பழக்கம் நம் ஊர் அறிக்கைகளிலும் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று செறிவாகப் பயிரிடும் இடங்களில் இரசாயன உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்குள் இறங்குகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் நைத்திரேற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதை ஒரு மாணவி கோண்டாவிலில் ஒரு சனசமூக நிலையத்தில் விளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் வழமையாகச் செய்வது இதுதான்: தலைப்பு 'நிலத்தடி நீரின் தரம்'. கீழே ஏழு புள்ளி. நைத்திரேற்றின் இரசாயனச் சூத்திரம், மாதிரி எடுத்த முறை, பத்து நிரலுள்ள அட்டவணை. பின்வரிசையில் ஒரு கமக்காரர் கேட்பார்: "பிள்ளை, அப்ப எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ, கூடாதோ?" அந்தக் கேள்விதான் சிலைட்டின் தலைப்பாக இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் அலி பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை இங்கே கைகொடுக்கும். சிலைட்டின் தலைப்பு ஒரு பெயராக இருக்கக்கூடாது. முழு வாக்கியமாக, ஒரு முடிவைச் சொல்வதாக இருக்க வேண்டும். கீழே அந்த முடிவுக்கான ஆதாரம் ஒரு படமாக வரவேண்டும், புள்ளிப் பட்டியலாக இல்லாமல். 'தோட்டத்துக்கு அருகிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்று கூடுதல்' என்று தலைப்பு இடுங்கள். கீழே ஊரின் வரைபடம். கிணறுகள் புள்ளிகளாக. 50ஐத் தாண்டியவை செம்மஞ்சள், தாண்டாதவை நீலம். சிவப்பும் பச்சையும் வேண்டாம். அவற்றைப் பிரித்தறிய முடியாத கண்ணுள்ள ஆண்கள் எந்தச் சபையிலும் ஓரிருவர் இருப்பார்கள். வைரவர் கோயில், சந்தி, பள்ளிக்கூடம் என்று மூன்று அடையாளம் மட்டும் வரைபடத்தில் போதும். வந்திருப்பவர்கள் தங்கள் கிணற்றைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். தேடத் தொடங்கிவிட்டால் நித்திரை வராது.

அட்டவணை எங்கே போகும்? தாளில். அதைப் பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள். தனிப்பட்டவர்களின் கிணறு என்பதால் பெயர் போடாமல் இலக்கம் போடுவது மரியாதை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கிணற்று உதாரணத்தில் இதுவரை எந்த மென்பொருளும் பேச்சில் வரவில்லை. தலைப்பு வாக்கியங்களை முதலில் ஒரு கொப்பியில் எழுதுவதுதான் வேலையின் பெரும்பகுதி. எழுதிய வாக்கியங்களை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தால் ஒரு கதை போல ஓடவேண்டும். ஓடாவிட்டால் கணினியைத் திறக்காதீர்கள்.

"சேர், சிலைட்டை அனுப்பிவிடுங்கோ"

கம்பஸில் வேறொரு சிக்கல் உண்டு, அது நியாயமான சிக்கல். பிள்ளைகள் ஏ.எல். வரை தமிழில் படிக்கிறார்கள். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் என்று போனதும் விரிவுரை ஆங்கிலத்தில். காதால் கேட்கும் ஆங்கிலத்தை முதல் வருடத்தில் பிடிப்பது கடினம். திரையில் எழுத்தாக இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். விரிவுரையாளருக்கும் அது தெரியும். அதனால் சிலைட்டே பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. வகுப்பு முடியும் முன்பே "சேர், சிலைட்டை அனுப்பிவிடுங்கோ" என்று குரல் வருகிறது. அடுத்த கிழமை பாதிப் பேர் வருவதில்லை. சிலைட்தான் கையில் இருக்கிறதே.

கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் இதைப் பரிசோதனைகளில் ஆராய்ந்தார். படத்தோடு பேச்சைக் கேட்டவர்கள், படம், பேச்சு, அதே பேச்சின் எழுத்து மூன்றையும் ஒருசேரப் பெற்றவர்களை விட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். கண்ணும் காதும் ஒரே சொற்றொடருக்காகப் போட்டி போடும்போது விளக்கம் குறைகிறது. ஆனால் இதற்கு விதிவிலக்கும் உண்டு: கேட்பவருக்கு மொழி அந்நியமாக இருந்தால், கலைச்சொல் புதிதாக இருந்தால், சில சொற்கள் திரையில் இருப்பது உதவும்.

நம் விரிவுரையாளர்கள் அந்த விதிவிலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு விதியைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். புதிய கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் தமிழிலும் படத்தின் அந்தந்த உறுப்புக்கு அருகிலேயே எழுதலாம். விளக்கத்தை வாயால் சொல்லலாம். முழு வாக்கியங்கள் வேண்டியவருக்கு ஒரு குறிப்புத் தாளைத் தனியாகக் கொடுக்கலாம். பவர்பொயின்ரில் ஒவ்வொரு சிலைட்டின் அடியிலும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அதையும் சேர்த்து அச்சிடலாம். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்கியவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு படத்துக்கு இருமொழியில் பெயரிட நேரமில்லை என்று சொல்லக்கூடாது.

எழுத்து உடையாமல் இருக்க

தமிழில் சிலைட் செய்பவருக்கு ஆங்கிலக் கையேடுகள் சொல்லித்தராத சில பாடங்கள் உண்டு.

முதலாவது பாமினி. இலங்கைத் தமிழ் அச்சகங்களும் அலுவலகங்களும் இன்னும் விட முடியாத எழுத்துரு அது. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் வேடமிட்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் கணினியில் அழகாகத் தெரியும். மண்டபத்துக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் வேடம் கலைந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை திரையில் விரியும். ஒருங்குறிக்கு மாறுங்கள். பாமினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களுக்கு அதே விசை ஒழுங்கில் ஒருங்குறி தட்டச்சிடும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் இலங்கையின் நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழகலாம். பழைய கோப்புகளை மாற்றித்தரும் கருவிகளும் இணையத்தில் கிடைக்கின்றன.

எழுத்துருவில் தாராளம் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாம் இலவசம். இவற்றில் தடிப்பு வேறுபாடுகளும் உண்டு என்பதால் தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று தேடவேண்டியதில்லை. ஒரே எழுத்துருவின் தடித்த வடிவமும் மெல்லிய வடிவமும் போதும். விண்டோஸ் பவர்பொயின்ரில் ஃபைல், ஒப்சன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கும். அதைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு மேலும் பயம் என்றால் ஒரு பிடிஎஃப் பிரதி பென்ரைவில் இருக்கட்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். 'நடைமுறைப்படுத்தப்படவேண்டும்' என்ற ஒரே சொல் அரை வரியைத் தின்றுவிடும். 'செய்ய வேண்டும்' என்று எழுதினால் இடமும் மிச்சம், தமிழும் மிச்சம். இரு பக்கமும் சமன் செய்யாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். இல்லாவிட்டால் நீண்ட சொற்களுக்கிடையே பள்ளம் விழும். மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரத்தின் வாலும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு விடுவதை விடக் கூடுதலாக வேண்டும், 1.2 மடங்கிலிருந்து தொடங்கலாம். எழுத்தளவு 28க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதிக்க ஓர் எளிய வழி: மடிகணினியில் சிலைட்டை முழுத்திரையில் வைத்துவிட்டு எட்டடி பின்னே போங்கள். மடிகணினித் திரையின் அகலத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு அது. மண்டபத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் ஏறக்குறைய அந்த விகிதம்தான். வாசிக்க முடியவில்லையா? அவருக்கும் முடியாது. "பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குத் தெரியுதோ?" என்று மேடையில் நின்று கேட்பதில் பயனில்லை, தெரியாவிட்டால் அந்த நேரம் என்ன செய்வீர்கள்?

வெயில், கரண்ட், ஆசியுரை

யாழ்ப்பாணத்து மண்டபங்கள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. பெரிய யன்னல், திறந்த கதவு, நடுப்பகல் வெளிச்சம். மல்ரிமீடியா என்று நாம் அழைக்கும் எறிகருவியால் ஒளியைத்தான் எறிய முடியும். கறுப்பை எறிய முடியாது. திரையில் நீங்கள் காணும் கறுப்பு என்பது ஒளி விழாத திரையின் நிறம். மண்டபத்தில் வெளிச்சம் இருந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகும். கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து மங்கி ஒழியும். பகல் கூட்டத்துக்கு வெள்ளைப் பின்னணியும் கறுப்பு எழுத்தும்தான் பாதுகாப்பு. 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட யாழ்ப்பாணக் கலாசார மையத்தின் பெரிய அரங்கு போன்ற இருட்டாக்கக்கூடிய இடங்களில் கறுப்புப் பின்னணி எடுபடும். வாசிகசாலையில் எடுபடாது. சிலைட் செய்யும் முன் மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கருவி இணைப்பையும் கேட்டுவையுங்கள். பல இடங்களில் எறிகருவி பழைய விஜிஏ கம்பியை மட்டும் ஏற்கும். புதிய மடிகணினியில் எச்டிஎம்ஐ துளைதான் இருக்கும். இரண்டையும் இணைக்கும் மாற்றி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் ஏற்பாட்டாளரின் பதற்றம் குறையும். காணொளியை யூரியூப்பிலிருந்து ஓட்ட நினைக்காமல் கோப்புக்குள்ளேயே சேருங்கள்.

கரண்ட் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. மடிகணினி மின்கலத்தில் ஓடும், எறிகருவி ஓடாது. ஆகவே சிலைட்டே இல்லாவிட்டாலும் பேச்சு நடக்கவேண்டும், ஒரு வெண்பலகையில் இரண்டு படம் வரைந்து சமாளிக்க வேண்டும். அது முடியாது என்றால் உங்களுக்கு விடயம் தெரியாது, சிலைட்டுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை ஆசியுரை. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரைகள், தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை. பிரதம விருந்தினர் வர முக்கால் மணித்தியாலம். உங்களுக்கு 20 நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். கையில் கிடைப்பது எட்டு. அப்போது 35 சிலைட்டையும் படபடவென்று தள்ளி, "இதை விடுவம், இதையும் விடுவம்" என்று ஓடுகிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு பேச்சு தயாரியுங்கள்: முழுமையானது ஒன்று, எட்டு நிமிடத்துக்கு ஒன்று. எட்டு நிமிடத்துக்குரிய சிலைட்டுகளின் இலக்கங்களை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். சிலைட் ஓடிக்கொண்டிருக்கும்போது இலக்கத்தைத் தட்டி என்ரர் அழுத்தினால் நேரே அந்தச் சிலைட்டுக்குப் போய்விடும். இடையிலுள்ளவற்றைச் சபைக்குக் காட்டவே வேண்டாம்.

சுருக்கிப் பேசப் பழக, ரோக்கியோவில் 2003இல் இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய பெச்சா குச்சா நல்ல பயிற்சி. 20 சிலைட், ஒவ்வொன்றும் 20 விநாடி, தானாக மாறும். மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. நிற்க வழியில்லை, திரும்பிப் போக வழியில்லை. கம்பஸ் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் பத்துப் பேர் கூடி இதைச் செய்து பார்க்கலாம், சிரிப்புக்கும் பஞ்சமிருக்காது.

நின்று பேசும்போது

பேசும்போது செய்ய வேண்டியவை சிலதான். திரையைப் பார்க்காதீர்கள். 'பிரசென்ரர் வியூ' என்ற வசதியைப் போட்டால் உங்கள் மடிகணினியில் இப்போதைய சிலைட், அடுத்தது, குறிப்பு, கடிகாரம் நான்கும் தெரியும். சபைக்கு இப்போதைய சிலைட் மட்டும் தெரியும். முதுகைக் காட்டத் தேவையே இல்லை. ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்லும்போது விசைப்பலகையில் 'பி' எழுத்தை அழுத்துங்கள். திரை இருளும், எல்லாக் கண்ணும் உங்களிடம் வரும். மறுபடி அழுத்தினால் சிலைட் திரும்பும். நான் அறிந்த அளவில் மென்பொருளில் உள்ள ஆகச் சிறந்த வசதி இதுதான். ஆகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

செயற்கை நுண்ணறிவு இப்போது ஒரு வரி கேட்டால் இருபது சிலைட் தருகிறது. அமைப்பு ஒழுங்குக்கும் ஆங்கிலத் திருத்தத்துக்கும் பயன்படுத்துங்கள். படத்துக்கு நம்பாதீர்கள், நல்லூர்க் கோபுரம் கேட்டால் உலகில் எங்கும் இல்லாத ஒரு கோபுரத்தைக் கட்டித் தரும், அதையும் சபையில் கண்டுபிடித்துச் சிரிக்க நல்லூரார் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றிய பழைய படமும் நூலும் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். எடுத்த இடத்தைச் சிலைட்டின் அடியில் குறிப்பிடுங்கள். உங்கள் கைபேசியில் நீங்களே எடுத்த படம் அதைவிட மேல். சூட் கோட் போட்ட வெள்ளைக்காரர் கைகுலுக்கும் படத்தை ஊர்க் கூட்டுறவுச் சங்கம் பற்றிய பேச்சில் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஒத்திகைக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. சத்தமாக, நின்று, கடிகாரம் வைத்து, வீட்டில் ஒரு ஆளை முன்னால் இருத்தி இரண்டு முறை பேசிப் பாருங்கள். அம்மாவுக்கு விளங்காத இடத்தில் நடுவருக்கும் விளங்காது.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. பேச்சாளரை அழைக்கும் கடிதத்திலேயே மண்டபத்தின் யன்னலுக்குத் திரை இருக்கிறதா, எறிகருவிக்கு எந்தக் கம்பி, கணினி யாருடையது, உண்மையில் எத்தனை நிமிடம் என்று நான்கு வரி எழுதுங்கள். ஆசியுரையை ஒன்றாகக் குறையுங்கள். விஷயத்தைச் சொல்ல வந்தவருக்கு அழைப்பிதழில் போட்ட நேரத்தை முழுமையாகக் கொடுங்கள்.